குருவி சாயபுவும் பேர் மாறிய நான்கு பறவைகளும்

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மகள் ரஞ்சிதமும் ஆம்பூருக்குப் போய் வந்தோம். காரணத்தை முதலிலேயே ஒத்துக்கொண்டு விடுகிறேன். நான் ஊர் பார்க்கப் போகவில்லை, கல்யாணத்துக்கும் போகவில்லை. ஒரு மனிதரோடு சண்டை போடப் போனேன்.

வேலூரில் லாங்கு பஜாருக்குப் பின்சந்தில் எனக்கு வாடகை சைக்கிள் கடை. படிப்பு நான்காம் பாரம். அதை இரண்டு வருஷம் படித்தேன். ஆகையால் மற்றவர்களைவிட அந்தப் பாடம் எனக்கு இரண்டு மடங்கு தெரியும் என்று வீட்டில் சொல்லிக்கொள்வது வழக்கம். ரஞ்சிதத்துக்குப் பதினோரு வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். கடைக்கு வரும் மாசப் பத்திரிகை ஒன்றில் ‘ஆம்பூர் தஸ்தகீர்’ என்று ஒருவர் பறவைகளைப் பற்றி எழுதி, கறுப்பு மையில் படமும் போடுவார். எனக்குத் தெரிந்த பறவை குழம்பில் கிடப்பது ஒன்றுதான். ஆனாலும் அவர் எழுத்து பிடிக்கும். ஒரு தடவை இப்படி எழுதியிருந்தார்: ‘வாலாட்டிக் குருவி ஓடி நிற்கும்போதெல்லாம் வாலை ஆட்டுகிறது. ஏன் ஆட்டுகிறது என்று ஒன்பது வருஷமாகப் பார்க்கிறேன். அது சொல்லவில்லை. நானும் விடவில்லை.’ ரஞ்சிதம் இதைக் கத்தரித்துக் கணக்கு நோட்டில் ஒட்டி வைத்தாள்.

தை மாதப் பத்திரிகையில் ஒரே வரிசையில் நான்கு பறவைகள் வந்தன. கீழே பெயர்கள்: கொண்டலாத்தி, பனங்காடை, மரங்கொத்தி, செம்போத்து. கடைசிப் படத்தில் இருந்த பறவைக்குத் தலையில் விசிறி மாதிரிக் கொண்டை. அதன் கீழே ‘செம்போத்து’ என்று இருந்தது. ரஞ்சிதம் வகுப்பில் எழுந்து, கொண்டை வைத்த பறவைக்குச் செம்போத்து என்று பேர் என்றாள். டீச்சரம்மா தப்பு என்றார். இவள் அச்சில் இருக்கிறது என்றாள். அன்றிலிருந்து வகுப்பில் இவளுக்கே ‘செம்போத்து’ என்று பட்டம் வைத்துவிட்டார்கள்.

அழுதுகொண்டு வந்த பெண்ணைச் சமாதானப்படுத்துகிறவன் நல்ல தகப்பன். நான் பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே போனேன். “அச்சடிச்சது எப்படிம்மா தப்பாவும்?” என்று டீச்சரம்மாவிடம் வாதாடினேன். அவர் பொறுமையானவர். அந்த நேரம் பால் ஊற்ற வந்த அம்மாளைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார்.

“இது இன்னா குருவிம்மா?”

“கொண்டலாத்தி. ஏன், அந்த ஆளுக்குத் தெரியாதா?” என்று அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து மறுபடி படங்களைப் பார்த்தேன். ‘பனங்காடை’ என்று போட்டிருந்த பறவை மரத்தில் தொற்றிக்கொண்டு பட்டையைக் கொத்திக்கொண்டிருந்தது. முதலில் பார்த்தபோதே கண்ணில் பட்டதுதான். பனங்காடைக்கும் பசிக்குமே என்று விட்டுவிட்டேன். ஆகவே ஆம்பூர் தஸ்தகீரை நேரில் பார்த்து, “பறவை தெரியாத நீர் எப்படி ஐயா எழுதப் போனீர்?” என்று கேட்பது என்று தீர்மானித்தேன். ரஞ்சிதமும் வருவேன் என்றாள். “ரெண்டு பேரும் போங்க, அங்கயும் ஒரு பால்காரி இருப்பா” என்று என் மனைவி புளிசோறு கட்டிக் கொடுத்தாள்.

கோட்டை எதிரிலிருந்து காட்பாடிக்கு முதல் பஸ் காலை ஐந்து ஐம்பதுக்கு. ஐந்து மைல். எனக்கு இரண்டு அணா, குழந்தைக்கு ஒரு அணா. பாலாற்றுப் பாலத்தில் பஸ் மெதுவாகப் போகும். மாசியில் ஆற்றில் தண்ணீர் கிடையாது, மணல்தான். ஊற்று தோண்டிக் குடத்தில் மொண்டுகொண்டிருந்தார்கள். காட்பாடியில் பாசஞ்சர் ஏழு பத்துக்கு. மூன்றாம் வகுப்பு ஒன்பது அணா, அரை டிக்கெட் நாலரை அணா. இஞ்சினுக்கு அடுத்த பெட்டியில் ஏறாதீர்கள். நான் வெள்ளை வேஷ்டியோடு ஏறி, குடியாத்தம் வருவதற்குள் கரிமூட்டைக்காரன் போல் ஆகிவிட்டேன்.

ரயிலில் ரஞ்சிதம் பழைய பத்திரிகைகளை மடியில் பரப்பிக்கொண்டாள். பால்கார அம்மாள் சம்பவத்துக்குப் பிறகு அவள் சும்மா இருக்கவில்லை. தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லாரிடமும் படத்தைக் காட்டிப் பேர் கேட்டு, எது சரி, எது தப்பு என்று பென்சிலால் குறித்திருந்தாள்.

“நைனா, ஒரே ஒரு குருவி போட்ட மாசமெல்லாம் சரியா இருக்கு. மூணு போட்ட மாசம் நடுவுல இருக்கறது மட்டும் சரி. ஓரத்துல இருக்கற ரெண்டும் தப்பு. நாலு போட்டா நாலுமே தப்பு.”

“நடுவுல உக்கார்றவன் எப்பவும் யோக்கியன்தான் கண்ணு. நீ ஜன்னலை மூடு.”

லத்தேரி, குடியாத்தம், வளத்தூர், மேல்பட்டி, பச்சகுப்பம் எல்லாம் நின்று நின்று, எட்டு ஐம்பதுக்கு ஆம்பூர் வந்தது. காட்பாடியிலிருந்து முப்பத்திரண்டு மைல்.

ஸ்டேஷன் வாசலில் ஜட்கா நிற்கும். நாலணா கேட்பார்கள், மூன்றணாவுக்கு வருவார்கள். தஸ்தகீர் என்று பேர் சொன்னதும் வண்டிக்காரர், “எந்த தஸ்தகீர்? இந்த ஊர்ல கல்லு எறிஞ்சா ஒரு தஸ்தகீர் மேலதான் விழும்” என்றார்.

“பறவை படம் போடுவாரே.”

“ஓ, குருவி சாயபு! அப்படிச் சொல்லக் கூடாதா? இந்நேரம் மண்டியிலதான் இருப்பாரு. ஏறுங்க. எங்க மண்டிக்கெல்லாம் வெள்ளிக்கிழமைதான் லீவு.”

தோல் பதனிடுகிற இடத்தை இங்கே மண்டி என்றுதான் சொல்கிறார்கள். ஒன்றரை மைல் போவதற்குள் வாசனை வந்து வரவேற்றது. நான் மேல்துண்டை மூக்கில் வைத்தேன். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

“வேலூரா? வேலூர்க்காரங்க பாதி வழியிலயே துண்டை எடுப்பாங்க. மெட்ராஸ்காரங்க ஸ்டேஷன்லயே எடுத்துடுவாங்க.”

“உங்களுக்கு ஒண்ணும் தெரியலயா?”

“இன்னா தெரியணும்?” என்றார். நிஜமாகவே கேட்டார்.

மண்டிக்குள் நுழைந்ததும் சுண்ணாம்புத் தொட்டிகள், அதைத் தாண்டி வைக்கோற்போர் உயரத்துக்கு ஆவாரம்பட்டைக் குவியல்கள். அந்தப் பட்டையை ஊறவைத்த தண்ணீரில்தான் தோல் பதமாகிறது. குவியலுக்கு மேலே ஏழெட்டுத் தவிட்டுக் குருவிகள் ஒன்றையொன்று ஏசிக்கொண்டிருந்தன. தொட்டி விளிம்பில் ஒரு குருவி ஓடி ஓடி நின்று வாலை ஆட்டியது. “நைனா, அதான் அந்த வாலாட்டி!” என்று ரஞ்சிதம் என் கையைப் பிடித்து உலுக்கினாள். புத்தகத்தில் படித்த ஒருவரைச் சந்தையில் நேரே பார்த்துவிட்டது போல் இருந்தது அவளுக்கு.

கடைசியில் கட்டுக் கட்டும் கொட்டகை. பதமான தோல்களைக் கோணியில் சுற்றிக் கப்பலுக்குக் கட்டுகிறார்கள். ஒவ்வொரு கட்டின் மேலும் மண்டியின் முத்திரையாக ஒரு மயில். அந்த மயிலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் தஸ்தகீர் சாயபு. நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. நகமெல்லாம் பட்டைச் சாயம் ஏறிய நிறம். பக்கத்தில் ஒரு மேஜையில் மூக்குக் கண்ணாடி போட்ட தடித்த மனிதர் ஒருவர் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவர் மண்டியின் ரைட்டர், பேர் தேவசகாயம்.

“வேலூர்லேர்ந்து வர்றோம். உங்க கட்டுரை படிக்கிறவங்க” என்றேன்.

பதில் ரைட்டரிடமிருந்து வந்தது. “பாராட்ட வந்தீங்களா, திட்ட வந்தீங்களா? திட்டறதா இருந்தா வரிசையில நிக்கணும். உங்களுக்கு முன்னால தபால்ல பதினோரு பேர் நிக்கறாங்க.”

ரயிலில் மனப்பாடம் செய்து வைத்திருந்த வசனத்தை மேல்துண்டோடு சேர்த்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். சாயபு தலை நிமிராமல், “கொஞ்சம் இருங்க. மயிலுக்கு இன்னும் கால் வைக்கல. கால் வைக்காம அனுப்பினா கப்பல்ல எப்படி நிக்கும்?” என்றார்.

அவருக்குப் பன்னிரண்டு கட்டு பாக்கி இருந்தது. அதுவரை தேவசகாயம் எங்களை மண்டி முழுக்கச் சுற்றிக் காட்டினார். சாயபுவின் கதையும் அவர் சொன்னதுதான். தகப்பனார் இங்கே பட்டை சுமந்தவர். சாயபு பள்ளிவாசலில் உருது எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு, பத்து வயதில் இவரும் பட்டை சுமக்க வந்தார். சும்மா இருக்கும் நேரம் சுண்ணாம்பை எடுத்துக் கொட்டகைச் சுவரில் குருவி போடுவாராம். அந்த நாள் மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு அடிக்க வந்தவர், அடிக்காமல் மயில் போடச் சொன்னார். முப்பது வருஷத்துக்கு மேலாக மயில். மிச்ச நேரமெல்லாம் ஆற்றோரம், ஏரிக்கரை. கடுக்காயையும் துருப்பிடித்த ஆணியையும் ஊறவைத்து அவரே மை காய்ச்சிக்கொள்வார். நாணலைச் சீவிப் பேனா.

“கட்டுரை மட்டும் நான் எழுதறது. அவர் சொல்லுவாரு, நான் எழுதுவேன். அவருக்குத் தமிழ் பேசத் தெரியும், எழுத்து தெரியாது. எனக்கு எழுத்து தெரியும், பட்சி தெரியாது. காக்கா, கோழி ரெண்டு தெரியும். அதுலயும் பெட்டைக் கோழின்னா கொஞ்சம் யோசிப்பேன்” என்றார் தேவசகாயம்.

எனக்கு உடனே அவரைப் பிடித்துப் போயிற்று.

மத்தியானம் பட்டைக் குவியல் நிழலில் புளிசோற்றைப் பிரித்தோம். ஆம்பூர் பிரியாணியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே என்று கோபிக்காதீர்கள். அந்த இடத்தில் புளிசோறு தின்று முடிப்பதே எனக்கு ஒரு சாதனை. ரஞ்சிதம் மூக்கைப் பிடிக்காமல், தவிட்டுக் குருவிகளுக்கும் போட்டுத் தின்றாள்.

தொழுகை முடிந்து ஒன்றே முக்காலுக்கு சாயபு வந்து உட்கார்ந்தார். நான் வந்த காரியத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அவரே ஒரு காகிதத்தை எடுத்துத் தேவசகாயத்திடம் நீட்டி, “படிச்சுக் காட்டுய்யா. தெரிஞ்சிக்கட்டும்” என்றார். பத்திரிகை ஆசிரியரின் கடிதம் அது. பறவைகளைப் பற்றி எழுதுகிறவருக்கே பறவைகளைத் தெரியவில்லை என்று வாசகர்கள் எழுதுகிறார்கள். தை மாதம் வந்த அதே நான்கு பறவைகளை மறுபடி சரியாகப் போட்டு அனுப்பினால் அடுத்த இதழில் வெளியிடுகிறோம். திங்கட்கிழமைக்குள் வர வேண்டும். அதுவும் தப்பாக இருந்தால் அந்தப் பக்கத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம். விஷயம் இவ்வளவுதான். மரியாதையாகத்தான் எழுதியிருந்தது, அதுதான் அதிகம் வலித்தது.

மறுநாள் திங்கள். அன்று சாயந்திரம் நாலு இருபது மெயிலில் போனால்தான் போய்ச் சேரும்.

“அனுப்பப் போறதில்ல” என்றார் சாயபு. “கொண்டலாத்தியை நாங்க ஹுத்ஹுத்னு சொல்லுவோம். குழந்தையிலேர்ந்து பாக்கறேன். அதன் கூடு நாறும், தெரியுமா? எங்க மண்டி மாதிரி. அதனாலயே அது மேல எனக்கு ஒரு பிரியம். அதைப் போயி எனக்குத் தெரியலேன்றாங்க. மூணு வாரமா ஆத்துல மாடு மேய்க்கிறவங்க கிட்டப் போயி, ‘ஏம்ப்பா, அது கொண்டலாத்திதானே?’ன்னு கேட்டுக்கிட்டிருக்கேன். கண்ணு கெட்டுப் போச்சோன்னு பயம்.”

பிறகு ஒரு கட்டுக்குப் பின்னாலிருந்து ஏழு தாள்களை எடுத்துப் பரப்பினார். ஏழிலும் அதே நான்கு பறவைகள். மற்றவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை போலும் என்று ஒவ்வொரு தாளிலும் கொண்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கியிருக்கிறார். ஏழாவது தாளில் அந்தப் பறவை தலையில் பனையோலை விசிறியைச் சுமந்துகொண்டு நின்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் வந்த சிரிப்பு திரும்பிப் போய்விட்டது.

ரஞ்சிதம் தாள்களைப் பார்க்கவில்லை, தேவசகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அச்சாகி வந்ததும் நீங்க பாக்கலயா மாமா?”

“பாக்காம? ஒவ்வொரு மாசமும் நான் பேரைப் படிப்பேன். சரியா இருக்குன்னு இவரு தலையாட்டுவாரு. அப்புறம் பத்திரிகையை அவர் கையில குடுப்பேன்.”

“இப்பப் படிங்க.”

தை மாதப் பத்திரிகையை ஒரு தோல்கட்டின் மேல் விரித்து, இருவருக்கும் நடுவில் வைத்தாள். “விரலை வச்சுப் படிங்க. பேட்டா அண்ணா, நீங்களும் படத்துல விரலை வைங்க.”

“பேட்டான்னா மகனேன்னு அர்த்தம். அப்படி நான்தான் உன்னைக் கூப்பிடணும். பேட்டீ” என்று சாயபு அவ்வளவு வருத்தத்திலும் திருத்தினார். வண்டிக்காரர் தன் குதிரையைப் பேட்டா, பேட்டா என்று ஓட்டியதைக் கேட்டு, அதை மரியாதை வார்த்தை என்று இவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

தேவசகாயம் இடக்கோடியில் விரலை வைத்து, “கொண்டலாத்தி” என்றார். சாயபு வலக்கோடியில் விரலை வைத்து, “ஹாங், கொண்டலாத்தி” என்றார்.

“பனங்காடை.” இவர் விரல் வலப்பக்கம் ஒரு அடி வைத்தது. “பனங்காடை, சரி.” அவர் விரல் இடப்பக்கம் ஒரு அடி வைத்தது.

“மரங்கொத்தி” என்றபோது இரண்டு விரலும் நடுவில் இடித்துக்கொண்டன.

“வழி விடுய்யா” என்றார் சாயபு.

“நீ ஏன்யா எதிர்ல வர்றே?” என்றார் தேவசகாயம்.

இரண்டு பேரும் அப்படியே நிறுத்திவிட்டார்கள். ரஞ்சிதம் கை தட்டிச் சிரித்தாள். எனக்கு மட்டும் அப்போதும் விளங்கவில்லை. நான்காம் பாரத்தை இரண்டு தடவை படித்தும் அப்படி. “நைனா, சாயபு மாமாவோட உருது எழுத்து வலப்பக்கத்துலேர்ந்துதானே ஆரம்பிக்கும்? அவருக்கு முதல் குருவி இந்தக் கோடி. அச்சுக்காரங்களுக்கு முதல் குருவி அந்தக் கோடி” என்று என் மகள் எனக்குப் பாடம் எடுத்தாள். அதனால்தான் ஒன்று போட்டால் சரி, மூன்று போட்டால் நடுவில் இருப்பது மட்டும் சரி. ரயிலிலேயே அவள் முக்கால்வாசியைக் கண்டுபிடித்துக் கையில் கொடுத்தாள். நான் ஜன்னலை மூடச் சொன்னேன்.

சாயபு இன்னொரு தடவை அந்த வரிசையின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். அப்புறம், “நான் வச்ச வரிசை சரி. நீ எழுதினது சரி. அச்சுக்காரன் கோத்ததும் சரி. அப்போ தப்பு எங்கய்யா உக்காந்திருந்துச்சு?” என்றார்.

“உனக்கும் எனக்கும் நடுவுல” என்றார் தேவசகாயம். “நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல, நான் இந்தக் கோடியிலேர்ந்து எண்றேன்னு?”

“எந்தக் கோடியிலேர்ந்து எண்றதுன்னு ஒருத்தன் சொல்லுவானாய்யா? நீ சொன்னியா?”

“ஊரே இடப்பக்கத்துலேர்ந்துதான்யா எண்ணுது!”

“எந்த ஊரு? ஆம்பூர்ல பாதி அப்படி எண்ணாது. வா, தெருவுல நின்னு கேப்போம்.”

மூன்று வருஷம் சேர்ந்து எழுதியவர்கள் மூன்று நிமிஷம் இப்படி ஏசிக்கொண்டார்கள். ஏச ஏச சாயபுவின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. கண் கெடவில்லை என்று தெரிந்த மனிதரின் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன். முதல் தாளை, கொண்டை அளவோடு இருந்த தாளை, எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஆனால் மணி இரண்டரை. படத்தை அனுப்பினால் மறுபடி அதே கூத்துதானே நடக்கும்? வலப்பக்கத்திலிருந்து படிக்கவும் என்று கடிதம் எழுதுகிறேன் என்றார் தேவசகாயம். நான் தந்தி அடிக்கலாம் என்றேன். இங்கிலீஷில் ‘பேர்ட்ஸ் ரிவர்ஸ்’ என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடலாம் என்று பெருமையாகச் சொன்னேன்.

“அதைப் படிச்சா ஆம்பூர்ல பட்சியெல்லாம் பின்னால பறக்குதுன்னு நினைப்பான்” என்றார் தேவசகாயம்.

“கடுதாசியும் வேணாம், தந்தியும் வேணாம்” என்றார் சாயபு. “இன்னிக்கு ஒருத்தன் கோப்பான், நாளைக்கு வேற ஒருத்தன் வருவான். எத்தனை பேருக்குச் சொல்றது? பேரை ஒவ்வொரு குருவியோட கால்கிட்டயும் நானே போட்டுடறேன். அப்போ எந்தப் பக்கத்துலேர்ந்து வந்தாலும் அதன் பேரு அதன்கிட்டயே இருக்கும். கடைப் பலகையில எழுத்து போட்டிருக்கேன், யாராவது எழுதிக் குடுத்தா அப்படியே போடுவேன். எனக்கு அதுவும் படம்தான்.”

தேவசகாயம் ஆவலோடு பேனாவைத் திறந்தார். சாயபு கையை நீட்டித் தடுத்தார். “உன் எழுத்து வேணாம். கணக்கெழுதி கணக்கெழுதி எல்லா எழுத்தும் ஒரே கயிறாப் போயிடுச்சு. பேட்டீ, நீ எழுது.”

ரஞ்சிதம் நாக்கைக் கடித்துக்கொண்டு, நான்கு பெயரையும் குண்டு குண்டாக எழுதிக் கொடுத்தாள். சாயபு நாணல் பேனாவை மையில் தோய்த்துக் கடைசி எழுத்திலிருந்து ஆரம்பித்தார். ‘தி’ முதலில், அப்புறம் ‘த்’, அப்புறம் ‘லா’. வீட்டுக்குள் கொல்லை வழியாக வருகிறவர் மாதிரி. ‘கொ’வுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்.

“இது இன்னா, ஒரு எழுத்துக்கு ரெண்டு பக்கமும் காவல் போட்டிருக்கு?”

“அது அப்படித்தான் மாமா. கொம்பும் காலும் இருந்தாத்தான் கொ.”

“கொம்பும் காலுமா? அப்போ இதுவும் ஒரு ஜந்துதான்” என்று சந்தோஷமாகப் போட்டார்.

மூன்றரைக்கு நான்கு பெயர்களும் நான்கு ஜோடிக் காலடியில் உட்கார்ந்துவிட்டன. உறையில் போட்டு மேல்விலாசம் எழுதியாயிற்று. அப்புறம் சாயபு அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். தேவசகாயம் கை நீட்டினார், கொடுக்கவில்லை.

“இதுவும் தப்பாப் போச்சுன்னா?”

பெரியவர்கள் மூன்று பேர் இருந்தோம். ரஞ்சிதம்தான், “எழுத்து என்னுது மாமா. தப்பாப் போச்சுன்னா செம்போத்துதான் தப்பா எழுதினான்னு சொல்லிடுங்க. பள்ளிக்கூடத்துல எனக்கு அதான் பட்டம், பழக்கம்தான்” என்றாள்.

அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். உறையை என் கையில் கொடுத்துவிட்டு, திரும்பி உட்கார்ந்து அடுத்த மயிலை ஆரம்பித்தார். அந்த மயில் கழுத்து கொஞ்சம் கோணல். இந்நேரம் கப்பலில் போய்க்கொண்டிருக்கும்.

ஜட்கா கிடைக்க நேரமாகி, நாலு பதினைந்துக்கு ஸ்டேஷன் போனோம். மெயில் வண்டியின் தபால் பெட்டியில் உறையை நானே போட்டேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்டதா என்று ரஞ்சிதம் இரண்டு தடவை கேட்டாள். எங்கள் பாசஞ்சர் ஐந்து முப்பத்தைந்துக்கு. காட்பாடி ஏழேகால், வீடு எட்டு மணி. சண்டை எப்படிப் போச்சு என்று என் மனைவி கேட்டாள். இரண்டு விரல் இடித்துக்கொண்டது, அவ்வளவுதான் என்றேன்.

இனி, போக நினைக்கிறவர்களுக்கு. இரண்டு பேருக்கும் போக வர எங்களுக்கு ஆனது இரண்டு ரூபாய் ஏழு அணா. வெள்ளிக்கிழமை போகாதீர்கள், மண்டி பார்க்க முடியாது. சாயபுவை மட்டும் பார்ப்பதானால் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகுதான் நல்லது. வீட்டில் இருக்கமாட்டார், ஆற்றில் மணல்மேட்டுப் பக்கம் இருப்பார். புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு மண்டிக்குள் நடக்க வேண்டாம், தரையெல்லாம் சுண்ணாம்பு நீர். மூக்குக்குத் துண்டு கட்டுவது உங்கள் இஷ்டம். அரை மணி நேரத்தில் எனக்கே மறந்துவிட்டது. அவர் படநோட்டைக் கொடுத்தால் நமக்குக் கடைசிப் பக்கம் எதுவோ அங்கிருந்து திறக்க வேண்டும். மாற்றித் திறந்தால் முதலில் இந்த வருஷத்துப் படம் வரும், போகப் போக அவர் வாலிபராகிக்கொண்டே போவார். நான் அப்படித்தான் திறந்தேன். அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

யோசித்துப் பார்த்தால், அந்தப் பதினோரு கடிதக்காரர்களுக்கும் எனக்கும் வித்தியாசம் மூன்று அணா ஜட்கா கூலிதான். நேரில் போகாமல் இருந்திருந்தால் பன்னிரண்டாவது கடிதம் என்னுடையது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பங்குனி இதழ் வந்துவிட்டது. நான்கு பறவைகளும் அவரவர் பேரோடு நிற்கின்றன. டீச்சரம்மா பார்த்துவிட்டுச் சரி என்றாராம். வகுப்பில் பட்டம் மட்டும் போகவில்லை. ரஞ்சிதம் இப்போது அதற்குத் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்கிறாள்.

நேற்று ஒரு தபால் கார்டு வந்தது. மேல்விலாசம் தேவசகாயத்தின் கயிறு எழுத்து. தபால்காரர் அதைப் படித்து எங்கள் வீட்டைக் கண்டுபிடித்ததற்கு அவருக்கு மெடல் கொடுக்கலாம். பின்பக்கத்தில் கடுக்காய் மையில் இரண்டே வார்த்தை: ‘பத்து படம்.’

பத்திரிகையில் இன்னும் பத்துப் படம் கேட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால் அதைத் தமிழில் எழுதியது யார்? ரஞ்சிதம் பத்திரிகையைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடினாள். ‘ப’ பனங்காடையில் இருந்தது. ‘த்து’ செம்போத்தில். ‘ட’ கொண்டலாத்தியில், ‘ம்’ மறுபடி செம்போத்தில். எல்லாம் அவளுடைய குண்டு எழுத்து. கடைசி ‘ம்’ நல்ல கறுப்பாக இருந்தது. அங்கிருந்து இடப்பக்கம் வர வர மை குறைந்துகொண்டே வந்து, முதல் ‘ப’ வெளுத்துப் போயிருந்தது.

நடுவில் ஒற்று விட்டுப்போயிற்று, ‘பத்துப் படம்’ என்றல்லவா இருக்க வேண்டும் என்று படித்தவர்கள் சொல்வார்கள். நானும் முதலில் அப்படித்தான் சொல்லப் போனேன். ரஞ்சிதம் என் வாயை மூடினாள். நான்கு பறவையின் பேரிலும் தேடிப் பார்த்துவிட்டாளாம், எதிலும் ‘ப்’ இல்லை.